தட்டில் மிஞ்சிய இட்லி

மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரை, என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் பசியைக் குடிவைத்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையை நினைக்கிற பசி அது. மிளகாய்க் காட்டுக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் மதியச் சோறு, கண்மாய்க் கரையைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்குப் பத்தும் பறந்து, பதினோராவதாகச் சட்டைப் பொத்தானும் பறந்தது. கல்யாண வீடுகளில் என் இலைப் பக்கம் சோத்து வாளி வந்தாலே சிரிப்பு கிளம்பும். சிரித்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

"எடைக்கு ஏதாவது வழி பார்க்கலாம், மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வழியைப் பார்த்தவள் என் தங்கச்சி. பனங்கிழங்கை அவித்து என் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். நாரை உரித்து மென்று முடிக்க வெகுநேரமாகும், வாய்க்கும் வேலை. சைக்கிள் சாவியை ஒளித்துவைத்து என்னைக் காட்டுக்கு நடக்கவிட்டாள். என்னைக் குற்றம் சொல்லாமல் பசியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

தை மாதத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவர்கள் பெண் பார்க்க வருகிற நாள் முடிவானதும் அம்மா என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அவுக வார அன்னைக்கு அளவாச் சாப்பிடுய்யா. பொண்ணுக்கு அண்ணன் ஒரு மாதிரின்னு பேச்சு வந்துச்சுன்னா, அவ வாழ்க்க என்னாகும்?"

பசியை அளவாக வைப்பது என் கையில் இல்லை. மாத்திரை என் கையில் இருந்தது. அன்றிலிருந்து அதை விழுங்காமல் எருக்குழியில் போட்டேன்.

பசி மெல்ல அடங்கியது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம்புள்ள சரியாயிட்டான், முன்ன மாதிரி ரெண்டே இட்லியோட எந்திரிச்சிட்டான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். தண்ணீருக்கும் விறகுக்கும் ஓடிக்கொண்டிருந்த தங்கச்சி என் தட்டைக் கவனிக்கவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. காற்றடிக்கும்போது பனை ஓலைச் சத்தத்தில் என் பேர் கேட்கத் தொடங்கியது. பயமாக இருந்தது. அவர்கள் வந்து போகும்வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் வீடெல்லாம் கறிக்குழம்பு வாசனை. அம்மா வைத்த ஐந்து இட்லியில் இரண்டைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு வந்த தங்கச்சி தட்டை எடுக்கக் குனிந்தாள். மிஞ்சிக் கிடந்த மூன்று இட்லியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"எத்தன நாளா மாத்திர போடல?"

நான் கை கழுவ எழுந்தேன். வாசலில் வேன் வந்து நின்றது.

எங்களைப் பெற்ற அய்யா முன்கூடத்தில் வந்தவர்களை உட்காரவைத்து, மழை பொய்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா காப்பித் தட்டைத் தங்கச்சி கையில் கொடுத்தாள். அவள் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டாள்.

"அண்ணே மாத்திரய முழுங்கட்டும். அப்பத்தான் வெளிய வருவேன்."

"ஏடி, மானத்த வாங்காதடி" என்று அம்மா அடிக்குரலில் அழுதாள். முன்கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அய்யா மழையை விட்டுவிட்டு மிளகாய்ச் செடிக்கு வந்த நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினேன். தங்கச்சி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு வரலியா?" என்று கேட்டபடி மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள். "இது என்ன மாத்திர?"

"காச்சலுக்கு, மதினி" என்றாள் அம்மா.

"இல்ல அத்த" என்றாள் தங்கச்சி. "மனசு சொகமில்லாததுக்கு. நிறுத்தக் கூடாத மாத்திர. நீ முழுங்குண்ணே."

முழுங்கினேன். அந்த அம்மா முன்கூடத்துக்குத் திரும்பினாள். அப்புறம்தான் தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அவர்கள் காப்பியோடு எழுந்துவிட்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர் ஆடு மாடுக்குக்கூடத் தெரியும். அய்யா வேன் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா எங்கள் இருவரோடும் பேசவில்லை. என்னால் ஒரு கல்யாணம் கெட்டது என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

குண்டான் நிறையக் கறி அப்படியே இருந்தது. தங்கச்சி பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் எனக்கு இலை போட்டாள். பசி இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருந்ததால் சாப்பிட்டேன்.

அதன்பிறகு தினமும் அவள் கண் முன்னால்தான் மாத்திரை. முதலில் தூக்கம் வந்தது. பனை ஓலை மறுபடி வெறும் ஓலையானது. ஒருநாள் காலையில் ஐந்து இட்லியையும் முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேட்க வெட்கமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு இருக்கா?"

அம்மா பெருமூச்சு விட்டாள். அடுப்புக்கு முன்னால் இருந்த தங்கச்சி திரும்பினாள்.

"வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சு."

அவள் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்று இட்லி வைத்தாள். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பிறகு இரண்டு பனங்கிழங்கை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள்.