ரேஸ் ரோட்டில் வெட்டிய பள்ளம்

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வில்லாக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கப் போகிறேன். பூங்காவை ஒட்டி, பழைய மோட்டார் பந்தயத் தடத்தின் ஒரு வளைவை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். ஓரக்கற்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து, பக்கத்தில் ஒரு பலகை. ஒரு காலத்தில் இங்கே பெரிய பெரிய கார்கள் பறந்தனவாம். பந்தயம் நின்ற பிறகு, குடியிருப்பு வரும்வரை, இந்த இடம் யாருக்கும் பயன்படாமல் கிடந்ததாம். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கும் பயன்படவில்லை என்றால் நாங்கள் யார்?

எங்கள் ஊரில் அதற்கு ரேஸ் ரோடு என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே பந்தயம் நின்றுவிட்டது. தார் அங்கங்கே வெடித்துப் புல் முளைத்திருந்தாலும், அவ்வளவு அகலமான தரை சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. அறுப்பு முடிந்தால் ஊர் ராகி முழுவதும் அதில்தான் காயும். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் சண்டை போட்டு ஆளுக்கொரு துண்டு பிடிப்பார்கள்.

அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சித்திக்கு வேலை கிடைத்தது. ஆனால் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். விடிகாலை ஷிப்டுக்கு ஊரிலிருந்து அதுவரை போக வழியில்லை. பெண்ணுக்கு எதற்கு வேலை, மாப்பிள்ளை பாருங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பழைய மொபெட்டின் சாவியைச் சித்தியிடம் கொடுத்தார்.

"நல்லா ஓட்டிப் பழகு. லைசென்ஸ் வாங்கிட்டா நீயே போயிட்டு வந்துடலாம்."

சித்தி பழகியது ரேஸ் ரோட்டில். ராகிக்குக் காவலாக நான் உட்கார்ந்திருப்பேன். நேர் ரோட்டில் தைரியமாகப் போவாள். வளைவு வருவதற்கு முன்பே காலை ஊன்றி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த வருஷம்தான் யாரோ அந்த நிலத்தை வாங்கி லேஅவுட் போடத் தொடங்கினார்கள். அப்பாகூட அங்கே எல்லைக்கல் நடும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்களை வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"பாப்பா, இன்னிக்கு முழுசா ஒரு சுத்து வந்துடறேன். பாத்துக்கினே இரு."

கால் ஊன்றாமல் அவள் வளைவில் திரும்பிய அழகைப் பார்த்து நான் எழுந்து நின்று கத்தினேன். வளைவுக்கு அப்பால் மறைந்தாள். மடாரென்று ஒரு சத்தம். அதன் பிறகு வண்டிச் சத்தமே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, புதிதாக வெட்டிய பள்ளம். தோண்டிப் போட்ட மண் இன்னும் காயவில்லை. முன்னால் ஒரு கல் இல்லை, ஒரு முள் இல்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை. உள்ளே மொபெட் கிடந்தது. அதன்மேல் சித்தி கிடந்தாள். அவளுடைய இடது கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது.

மறுநாள் காலை, சித்தி டெஸ்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், அம்மாவும் அப்பாவும் என்னை இழுத்துக்கொண்டு லேஅவுட் ஆபீசுக்குப் போனார்கள். மேனேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இது பிரைவேட் எடம்மா. உள்ள வந்தது உங்க தப்பு. பாக்கப்போனா நாங்கதான் கேஸ் குடுக்கணும்."

"நேத்து வரைக்கும் ராகி காயப்போட்டோமே, அப்ப எங்க சார் போயிருந்தீங்க?" என்றாள் அம்மா. "வரக்கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்றது. மனுசங்க போற வழியில குழி வெட்டுவீங்களா?"

"நானா வெட்டுனேன்? உங்க ஊரு ஆளுங்கதான் வெட்டுனாங்க. போயி அவங்களக் கேளு."

இப்படியும் ஒருவன் கூசாமல் பொய் சொல்வானா என்று நான் அவனையே முறைத்தேன். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏதாவது பேசுங்களேன்!"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். தரையைப் பார்த்தபடியே, "வா, போலாம்" என்றார்.

வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். நான் அப்பாவின் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்தேன். அந்த மேனேஜர்மீது வந்த கோபத்தைவிட அவர்மீது வந்த கோபம் பெரியது.

ஆஸ்பத்திரியில் சித்தி மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அம்மா டாக்டரைப் பார்க்கப் போனதும், அப்பா குனிந்து சித்தியின் காதில் ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். வலியில் கிடப்பவளிடம்கூடச் சாக்குச் சொல்கிறாரே என்று நினைத்தேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுங்க மாமா. மழ வர்றாப்ல இருக்குது. அக்காவ ராகிய அள்ளச் சொல்லுங்க."

ஓசூரில் கிடைத்த அந்த வேலை சித்திக்குப் போயிற்று. அடுத்த வருஷம் லைசென்ஸ் எடுத்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கை இன்றும் முழுதாக மடங்காது. அப்பா அதன் பிறகு லேஅவுட் பக்கமே போகவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் நான் வைத்த பெயர் அவர் இறக்கும்வரை அப்படியே இருந்தது.

அவர் காரியம் முடிந்த பிறகுதான் சித்தி என்னிடம் சொன்னாள். அவள் விழுந்த அன்று மத்தியானம் லேஅவுட் மேஸ்திரி வந்து, ஊர் வண்டிகள் உள்ளே வராதபடி ரோட்டைக் குறுக்கே வெட்டச் சொல்லியிருக்கிறான். வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். முன்னால் கல் வைக்கணுமே என்று அவர் கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, வேறு வேலைக்கு அனுப்பிவிட்டான். சித்தி ஒருநாளும் வளைவைத் தாண்டியதில்லை என்ற தைரியத்தில் அப்பாவும் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் குனிந்து சொன்னது அதைத்தான். நான் அந்தக் கட்டிலின் காலடியில்தான் நின்றிருந்தேன், எனக்காக அவர் வாங்கி வந்த பன்னைத் தொடாமல், அவர் முகத்தைப் பார்க்காமல்.