இயங்காற்றல் குறைந்து வருகிறது

பாடப்புத்தகம் அச்சடிக்கும் நிறுவனத்தில் பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவள் அவள். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லாரி அகல இரும்புப் பெட்டிகளைப் பூப்போல எடுத்துக் கப்பலில் வைத்த மனிதர். நரம்பு நோய் வந்து அவரைக் கட்டிலோடு போட்டுவிட்டது.

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் மருத்துவமனைத் தாளை நீட்டினார். முகம் பூத்திருந்தது.

"இங்க பாரு. 'இரு கால்களிலும் இயங்காற்றல் குறைந்து வருகிறது.' இயங்காம கிடந்தது குறையுதாம். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். இயங்கு, ஆற்றல், சேர்ந்தால் இயங்காற்றல். அசைகிற சக்தி. குறைவது அதுதான். ஊரார் பிழையெல்லாம் திருத்தியவளுக்கு இந்த ஒன்றைத் திருத்த நா எழவில்லை.

"நல்ல சேதிங்க" என்றாள்.

இரண்டு நாள் வீடு கலகலத்தது. அவர் சவரம் செய்துகொண்டார். "நான் படுத்ததுல உன் அதிகாரம் ஏறிப்போச்சு. எழுந்ததும் ஆட்சி மாத்தம்தான்" என்று சீண்டினார். அவளும் சிரித்துவைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் கட்டிலைப் பிடித்துத் தனியாக எழுந்து பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்தாள். தரையில் கிடந்தார், நெற்றியில் ரத்தம்.

துடைத்துவிடும்போது கேட்டார்: "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? நிஜத்தைச் சொல்லு."

பிரித்துச் சொன்னாள்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சீண்டலும் நின்றுபோனது. நாலு மாதத்தில் மூச்சு அடங்கியது.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அவள் மருத்துவமனைக்குப் போனாள். பதிவறையில் இருந்த பெண்ணிடம் தாளைக் காட்டி, "இந்தச் சொல்லை மாத்திடுங்கம்மா. காலை அசைக்கிற வலுன்னு போட்டாலே போதும்" என்றாள்.

அந்தப் பெண் படித்துப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு, அக்கா? இதுல என்ன தப்பு?"

"சொல்லுல தப்பில்லம்மா. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்துவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள்.