கடைசி எட்டுப் பக்கங்கள்

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், எங்கள் மின்னஞ்சல் வாசகர் குழுவில் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் ஒருவர் இருந்தார். ராயபுரத்துப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த நாவல் ஒன்றை அவர் மனமுருகிப் பரிந்துரைத்தார். தன் பிரதியில் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

“முடிவே தெரியாமல் சிபாரிசா?” என்று ஒருவர் சீண்டினார்.

“படிச்ச வரைக்கும் சொன்னேன் சார். மீதி யாராண்டனா கீதா?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்று நூலகங்களில் தேடி, நான்காவதில் அந்த நாவலைக் கண்டேன். முடிவு ஏமாற்றமளித்தது, ஆசிரியர் அவசர அவசரமாக எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்திருந்தார். கிரேன்காரரின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று தயங்கினேன். ஆனால் எதையும் ஒளிக்காத மனிதரிடம் நான் ஒளிப்பது முறையாகத் தோன்றவில்லை. எட்டுப் பக்கங்களையும் கையால் நகலெடுத்து, திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்து அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, என்னை அக்கா என்று விளித்து, குழுவுக்கே எழுதினார்: “முடிவு பேஜாரா கீது அக்கா. ஆனா முன்னாடி கீற இருநூறு பக்கம் இன்னும் எனக்கு உசுருதான். எல்லாரும் படிங்க. கடைசி எட்டு வேணும்னா அக்காவாண்ட கேளுங்க.”

முதலில் கேட்டவர், அவரைச் சீண்டியவர்தான்.