பக்கத்து வீட்டுப் பிள்ளை

நாற்பத்து மூன்று வயதில் அம்மாவுக்கு வயிறு தெரியத் தொடங்கியபோது மூத்தவளுக்கு இருபத்திரண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேம் காதில் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்குச் சூடு காட்டி, வளைத்து, பதமாகப் பொருத்தித் தருவதில் கெட்டிக்காரி. வீட்டு விஷயத்தை மட்டும் கடையில் மூச்சு விடவில்லை.

பையன் பிறந்தான். பள்ளியில் படித்த பெரிய தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "டேய், இத்தனை நாள் கடைக்குட்டி நான். இனி நீ பார்த்துக்க, நான் ரிட்டையர்டு" என்று அதன் காதில் சொல்லிவிட்டு, ஈரத்துணி மாற்றுவதுவரை கற்றுக்கொண்டான். மூத்தவளோ, தூக்கச் சொன்னால், "கை கழுவலம்மா" என்று நழுவிவிடுவாள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, அம்மாவின் கண்ணாடிக்குக் கால் கழன்றுவிட்டது. இடுப்பில் பிள்ளையோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"யாரு, தெரிஞ்சவங்களா?" என்றாள் கூட வேலை பார்க்கும் அக்கா.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கா. அவங்க குழந்தை." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அம்மா ஒரு கணம் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். பிறகு சிரித்தாள். "ஆமாம்மா, பக்கத்து வீடுதான்." மூத்தவள் குனிந்தபடியே திருகாணியை முடுக்கினாள்.

அன்று மாலை வீட்டில் திட்டு விழும் என்று காத்திருந்தாள். "கண்ணாடி இப்ப ஆடல, நல்லா நிக்குது" என்று டீயை நீட்டினாள் அம்மா. நாலு அறை விட்டிருந்தாலாவது தேவலை.

பிள்ளை பாயில் கிடந்தது. கை கழுவாமலே தூக்கினாள். அது அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தோளெல்லாம் எச்சிலாக்கியது. கடையில் தன்னை யாருடைய பிள்ளையாக்கினாள் என்று அதற்கென்ன தெரியும்?

மறுநாள் அவனைக் கடைக்கே தூக்கிப் போனாள். "என் தம்பிக்கா. நேத்து வந்தது எங்கம்மா. பொய் சொல்லிட்டேன்."

அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "போறப்ப வாசல்ல என்னைக் கூப்பிட்டாங்கடி. 'அந்தப் பொண்ணு காலைல சாப்பிடாம வந்துருச்சு, கொஞ்சம் பார்த்துக்கம்மா'ன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இவ்வளவு அக்கறையான்னு நினைச்சேன்."

மூத்தவள் தம்பியின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள்.

அதற்குப் பிறகு பிள்ளை அவள் இடுப்பிலேயே வளர்ந்தது. கடையில் எல்லோருக்கும் செல்லம். கூட வரும் நாட்களில் அம்மா மட்டும் கடைப் படியேறுவதில்லை. "உள்ள வாம்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாலும், "நீங்க போங்க, நான் இப்படியே காத்தாட நிக்கிறேன்" என்பாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் மூத்தவள் காலில் விழுந்திருப்பாள். அம்மா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.