ராய்ஸ் டாக்கெட்டுக்குப் பிடிக்காத பையன்கள்

ராய்ஸ் டாக்கெட் என் அக்கா நெல்டாவின் கணவர். ஆர்கன்சாவில் எங்கள் ஊரில் யாரிடமாவது அவரைப் பற்றிக் கேட்டால், "வசந்தகாலம் வந்துட்டா ஏதாவது ஒரு மைதானத்துல வலைக்குப் பின்னாடி உக்காந்திருப்பாரு" என்பார்கள். அவருடைய வேலையே அதுதான். வடக்கே ஏரிக்கரை நகரத்து பேஸ்பால் அணி ஒன்று, எங்கள் மாநிலத்தையும் பக்கத்து ஓக்லஹோமாவில் பாதியையும் அவர் கையில் கொடுத்திருந்தது. பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் ஆடும் பையன்களைப் பார்த்து, இவன் வேண்டும், இவன் வேண்டாம் என்று எழுதி அனுப்புவார். ஜூலை மாதம் எல்லா அணிகளும் முறை வைத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஓர் அணி சொன்ன பெயரை இன்னொரு அணி தொடக்கூடாது.

இளவயதில் ராய்ஸும் கேட்ச்சராக ஆடியவர்தான். பிட்சர் எறியும் பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடித்துப் பிடித்து இரண்டு முழங்கால்களும் போயின. பெரிய அணிகளின் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு, இந்த வேலையில் சேர்ந்தார்.

பையன்களைப் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் பையனின் அப்பாவிடம் போய்க் கை கொடுப்பார்; மரியாதைக்காக மட்டும் இல்லை, மணிக்கட்டின் கனத்தை வைத்து மகன் எப்படி வளருவான் என்று கணிக்க. அம்மா எழுந்து நிற்கும்போது தோளைப் பார்ப்பார். பையனின் ஷூவைப் பார்ப்பார். இதெல்லாம் பார்த்த பிறகுதான் அவன் எறிவதைப் பார்ப்பார். குட்டையான பிட்சர்களை அவருக்கு அறவே பிடிக்காது.

"உயரமானவன் எறிஞ்சா பந்து மாடியிலேர்ந்து இறங்குற மாதிரி வரும், மச்சான். குட்டையா இருக்கறவன் எறிஞ்சா தட்டையா வரும். அடிக்கறவனுக்குத் தட்டுல வெச்சு நீட்டுற மாதிரி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு ஊரில் மாட்டுத்தீவனக் கடை. கடையை ஆளிடம் விட்டுவிட்டு அடிக்கடி அவருடன் வண்டியில் போவேன். ஆட்டத்தைவிட, வழியில் சாப்பிடும் வறுத்த கெளுத்தி மீனுக்காகத்தான் போவேன் என்று அக்கா சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜெட் குவால்ஸ் என்ற பையனை அப்படித்தான் நாங்கள் சேர்ந்து பார்த்தோம். சேற்று நிலத்துக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பையன் என் தோளுக்குத்தான் வருவான். அப்பாவின் மணிக்கட்டு கோழிக்கால் மாதிரி இருந்தது. பையன் எறிய எறிய எதிர் அணிக்காரர்கள் மட்டையைக் காற்றில் வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் அசையவில்லை. "இவனுங்க ஸ்கூல் பசங்க. இதையே மேல போய் எறிஞ்சா, அடிக்கற அடியில பந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் விழும்" என்றார். பந்து தட்டையாக வருகிறது, வேண்டவே வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்.

ஜூலையில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பெயர்கள் அறிவிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றில் அவருடைய அணியின் முறை வந்தது. ஜெட் குவால்ஸ் என்றார்கள்.

அக்கா கைதட்டினாள். "உங்க பையனா? உங்க ஏரியா ஊர் பேரைச் சொல்றாங்களே."

ராய்ஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வேணாம்னு சொன்ன பையன்."

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. பையன்களை எடுக்கும் பிரிவின் தலைவர் கர்ட்டிஸ் நீமன். ராய்ஸைவிட இருபது வயதாவது சின்னவர். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"ராய்ஸ், பிரமாதம். நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

"கர்ட்டிஸ், நான் அவன் வேணாம்னுல்ல எழுதினேன்?"

"படிச்சேன், படிச்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருந்தீங்க. நம்ம அடுத்த முறை வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்."

ராய்ஸ் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். "வேற யாரோட அறிக்கையையாவது உங்களுதுன்னு நினைச்சிட்டாரோ என்னவோ" என்றாள் அக்கா. அப்போதைக்கு அதையே நம்பிக்கொண்டோம்.

அந்த வாரமே பையனின் வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பையனின் அப்பா வாசலிலேயே ராய்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்க பையனைக் குட்டைன்னு எல்லாரும் தள்ளிட்டுப் போனாங்க. உங்க ஒருத்தர் கண்ணுக்குத்தான் அவன் தெரிஞ்சான். உங்களை மறக்கவே மாட்டோம், சார்." கொல்லையில் பெரிய சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து ராய்ஸுக்காகத் தனியாக ஜெபம் செய்தார். ராய்ஸ் தலை குனிந்து நின்றார். ஜெபம் முடிந்து நிமிர்ந்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அன்று அவர் மீனைத் தொடவில்லை. அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஜெட் குவால்ஸ் கீழ்மட்ட அணிகள் எதிலும் தங்காமல் மேலே ஏறினான். பந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகவில்லை, மட்டையிலேயே படவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அணியின் ஆட்கள் எல்லோரும் அரிசோனாவில் கூடியபோது, ராய்ஸை மேடைக்குக் கூப்பிட்டு அவர் பெயர் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, "இதுல ஏதோ தப்பு இருக்கு" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டாராம். அடக்கத்தில் சொல்கிறார் என்று எண்ணி எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்களாம்.

மறுநாள் காலை உணவின்போது விஷயம் வெளியே வந்தது. டெஸ்ஸா புரூபேக்கர் என்ற பெண் தட்டோடு வந்து அவர் மேஜையில் உட்கார்ந்தாள். அணியில் ஆட்டப் புள்ளிவிவரங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பிரிவில் வேலை. ராய்ஸ் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதால் அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"மிஸ்டர் டாக்கெட், உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எனக்கு ரொம்பப் பிடிச்ச அறிக்கை உங்களோடதுதான்."

"அப்படியா? எது?"

"வேணாம்னு எழுதறீங்களே, அதெல்லாம்."

அவள் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். தாழ்வான கையிலிருந்து வேகமாக வரும் பந்து தட்டையாக வரும். அடிப்பவன் அது இறங்கும் என்று எதிர்பார்த்துக் கீழே வீசுவான். பந்து மட்டைக்கு மேலே போய்விடும். அப்படிப்பட்ட பிட்சர்களைத்தான் அணி இப்போது தேடுகிறது. பெரிய கல்லூரி மைதானங்களில் அதை அளக்கக் கருவி உண்டு. சேற்று ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கிடையாது.

"அங்கதான் நீங்க வர்றீங்க. தட்டையா வருது, பிடிக்கலைன்னு நீங்க எழுதினா, நாங்க உடனே அவனைத் தனியா எடுத்து வெச்சிடுவோம். எவ்வளவுக்கு எவ்வளவு கோபமா எழுதறீங்களோ, அவ்வளவு நல்லவனா இருக்கான். உங்களை மாதிரி இவ்வளவு ஒழுங்கா வேற யாரும் எழுதறதில்ல."

"அதாவது, இவ்வளவு ஒழுங்கா யாரும் தப்புப் பண்றதில்லங்கறே."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டதாம். "ஐயோ, உங்ககிட்ட யாரும் சொல்லலையா? நான் சொல்லியிருக்கக் கூடாது. தயவுசெஞ்சு மாத்திக்காதீங்க" என்றாளாம்.

ஊருக்குத் திரும்பியவர் பழைய ராய்ஸாக இல்லை. அவமானம் என்று சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, பரிசு கொடுத்திருக்கிறார்கள். வேலையைவிட்டு அனுப்பவில்லை, இன்னும் எழுது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா, இனிப்புக்குப் பீச் பை வேண்டுமா பெக்கான் பை வேண்டுமா என்று கேட்டாள்.

"நான் எதைச் சொல்றேனோ அதை விட்டுட்டு இன்னொன்னை வை. அதுதான் நல்லா இருக்கும்" என்றார்.

"விளையாடாதீங்க. எதாவது ஒண்ணு சொல்லுங்க."

"விளையாடல, நெல்டா. எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே இப்போ தெரியல."

அக்கா இரண்டையும் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னைப் பிடிச்சுத்தானே கட்டிக்கிட்டீங்க? அதுல ஒண்ணும் தப்பாப் போகலையே."

"உன்னைக் கட்டிக்க வேணாம்னு உங்க அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க. அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

வசந்தம் வந்தது. நாங்கள் ஓக்லஹோமா எல்லையில் ஒரு பள்ளிக்கூட ஆட்டத்துக்குப் போனோம். மைக்கா ஹார்ஜோ என்று ஒரு பையன், அமெரிக்காவின் கிரீக் பழங்குடிக்காரன், குட்டை, இடதுகைப் பிட்சர். முதல் பந்து வந்ததுமே ராய்ஸ் முன்னால் சாய்ந்தார்.

"தட்டையா வருதா?" என்று கேட்டேன்.

"வருது."

"அப்போ பிடிக்கலையா?"

"பிடிக்கிற மாதிரி இருக்கு. நிஜமாவே பிடிக்குதா, இல்ல, அந்தப் பொண்ணு சொன்னதுனால பிடிக்குதா? முன்னாடி மாதிரி இருந்தா நான் இப்போ என்ன சொல்லியிருப்பேன், மச்சான்? நீதான் கூடவே இருந்தியே."

"வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"எந்த வேகத்துல சொல்லியிருப்பேன்? ரொம்பக் கோபமாவா, சும்மாவா?"

அவர் எழுந்துபோய் வலையின் ஒரு மூலையில் நின்று பார்த்தார். பிறகு மறுமூலையில் நின்று பார்த்தார். பையனின் அம்மா எங்களுக்கு வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தோளைப் பார்க்கக்கூட அவர் மறந்துவிட்டார்.

வண்டியில் உட்கார்ந்தபடியே கர்ட்டிஸைக் கூப்பிட்டார். "நான் என்ன எழுதட்டும்?" என்றார்.

"உங்களுக்குத் தோணறதை எழுதுங்க, ராய்ஸ். எப்பவும் போல."

"எப்பவும் தோணறது இப்போ தோணல."

"அப்போ தோணலைன்னு எழுதுங்க" என்றார் கர்ட்டிஸ், சிரித்துக்கொண்டே.

ராய்ஸ் அப்படியே எழுதினார். "பையனைப் பார்த்தேன். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை." அந்த வசந்தம் முழுக்க அவர் அனுப்பியவை எல்லாம் இந்த மாதிரிதான். ஜூலையில் மைக்கா ஹார்ஜோவின் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கர்ட்டிஸ் நேரிலேயே எங்கள் ஊருக்கு வந்தார். அக்கா பொரித்த கோழி செய்திருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"விஷயம் தெரிஞ்சதிலேர்ந்து உங்க கண்ணு எங்களுக்கு உதவல, ராய்ஸ். அது எங்க தப்பு, உங்க தப்பில்ல. ஆனா நீங்க எங்களுக்கு வேணும்."

"எதுக்கு?"

"பையன்களோட வீட்டுக்குப் போறதுக்கு. குவால்ஸ் குடும்பம் உங்களைப் பத்தி இன்னமும் பேசுது. போய் உக்காருங்க, பேசுங்க. வீட்டை விட்டுப் போனா பையன் தாங்குவானா, தோத்தா என்ன பண்ணுவான், அதை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்க. பந்து எறியறதைப் பாக்கவே வேணாம்."

"இது மேல ஏத்தறதா, கீழ இறக்கறதா?"

கர்ட்டிஸ் கோழித் துண்டை வைத்துவிட்டு யோசித்தார். "உண்மையைச் சொன்னா, எனக்கும் தெரியல" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் வேலையை ஒப்புக்கொண்டேன் என்று ராய்ஸ் பிற்பாடு சொன்னார்.

இப்போது அவர் சமையலறைகளில் உட்கார்ந்து அம்மாக்களிடம் பேசுகிறார். பையன் தம்பியோடு சண்டை போட்டால் யார் முதலில் பேசுவார்கள் என்று கேட்கிறார். நாய்க்குச் சோறு வைப்பது யார் என்று கேட்கிறார். "எங்க பையன் நல்லா எறியறானா, சார்?" என்று அவர்கள் கேட்டால், "அதை நான் பாக்கறதில்லம்மா" என்கிறார். அவர்கள் குழம்பிப்போய் இன்னொரு துண்டு கேக் வைக்கிறார்கள். அவர் சொல்வதை அணி நேராக எடுத்துக்கொள்கிறதா, தலைகீழாக எடுத்துக்கொள்கிறதா என்று அவர் கேட்டுக்கொள்வதே இல்லை. டெஸ்ஸா கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினாள். அதில் அவருடைய வேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவே போதும் என்று குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

மைக்கா ஹார்ஜோ இப்போது பக்கத்து மாவட்டத்தில் இரண்டு வருடக் கல்லூரி ஒன்றில் ஆடுகிறான். வேலை இல்லாத நாட்களில் ராய்ஸ் மடக்கு நாற்காலியோடு அங்கே போகிறார். வேகம் அளக்கும் கருவி கிடையாது, எழுதவும் வேண்டியதில்லை. போன வாரம் நானும் போனேன். பையன் நன்றாகத்தான் எறிந்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? ஆட்டம் பாதிக்கு மேல் போனதும், வெயில் சுடுகிறதே, கிளம்பலாமா என்று கேட்டேன்.

"இரு மச்சான்" என்றார், கண்ணை எடுக்காமல். "இன்னும் புரியல. அடுத்த இன்னிங்ஸையும் பாத்துட்டுப் போயிடலாம்."