காற்றடைத்த பிக்கப்பில் கமலவேணியின் கரகம்

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் போய் "பிக்கப் சுந்தரம் வீடு எது?" என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் சிரிப்பார்கள். கலியாணசுந்தரம் அப்படிப்பட்ட ஆள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லோரியில் கிளீனராக ஏறி, எப்படியோ முட்டி மோதிச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, மலாக்கா டவுனில் குடியேறியவன். மார்க்கெட்டிலிருந்து தோட்டங்களுக்குக் காய்கறி, அரிசி மூட்டை, கல்யாணப் பாத்திரம் எல்லாம் ஏற்றுவான். ஒருமுறை மாப்பிள்ளையின் கார் சேற்றில் மாட்டிக்கொள்ள, மாப்பிள்ளையையே வெங்காய மூட்டைக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டு போய் முகூர்த்தத்தைக் காப்பாற்றினான். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அவன் மனைவி கமலவேணிக்கு வாய் கொஞ்சம் நீளம். "மூத்தாளைக் குளிப்பாட்டியாச்சா? இளையாளுக்கு ஒரு குடம் தண்ணி மிஞ்சுமா?" என்று காலையில் அவள் கேட்பது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மூத்தாள் என்றால் பிக்கப்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு திரிந்த ஐம்பத்தேழாம் வருடம் அது. மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளில் பெரிய ஊர்வலம். தமிழர்கள் சார்பில் ஒரு வண்டி போகலாம் என்றார்கள். ஏற்பாட்டுப் பொறுப்பு துணிக்கடை கணேசமூர்த்தியிடம் இருந்தது. அவர் மனதில் ஒரு காகித யானை நின்றுகொண்டிருந்தது. வண்டி பேச அவர் கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தபோது, தேத்தண்ணீர் கொண்டுவந்த கமலவேணி பட்டென்று சொல்லிவிட்டாள்.

"யானை எதுக்குண்ணே? நான் கரகம் ஆடுறேன்."

கலியாணசுந்தரத்துக்குப் புரையேறியது. ஆனால் அவனுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவள் கரகம் எடுத்தால், பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக வாயைப் பிளந்து நின்றவன்தானே அவன்! டவுனுக்கு வந்த பிறகு அவளை ஆடக் கூப்பிட ஆளில்லை. சில நாள் அடுப்பங்கரையில் சோற்றுப்பானையைத் தலையில் வைத்து ஒரு சுற்று சுற்றுவாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று எட்டிப் பார்ப்பாள். அவன் பார்த்திருக்கிறான். பார்க்காதவன் போல வெளியே போய் வண்டியைத் துடைப்பான்.

கணேசமூர்த்தி தாடையைச் சொறிந்தார். "ஓடுற வண்டியிலயாம்மா? நல்ல நாளும் அதுவுமா குடம் விழுந்தா அபசகுனம். ஞாயித்துக்கிழமை வர்றேன். இந்த ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. குடம் நின்னா கரகம். விழுந்தா யானை."

"நிக்கும்ணே! என் வண்டியில விழுமா?" என்று மார் தட்டினான் கலியாணசுந்தரம். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

வண்டியின் லட்சணம் அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. டயர் நான்கும் தேய்ந்து வழுக்கை. டவுன் முழுக்க அலைந்தும் அவனுக்குக் கிடைத்தவை பட்டாளத்து வண்டியிலிருந்து கழித்த பெரிய டயர்கள்தான். பின்னால் பொருந்திவிட்டன. முன்னாலோ, இஞ்சின் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து வண்டி மூக்கைத் தொங்கப் போட்டிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி அழுதது. மேலே ஏறி நின்ற கமலவேணி, "ஏங்க, இது என்ன சறுக்குமரமா?" என்றாள். புது ஸ்பிரிங் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் சுதந்திரம் பழசாகிவிடும்.

யோசனை ஆஸ்பத்திரியில் பிறந்தது. மூலநோய்க்கு அறுவை செய்துகொண்ட பங்காளி ஒருவனைப் பார்க்கப் போயிருந்தான். அந்த மகராசன் காற்றடைத்த ரப்பர் வளையத்தின்மேல் சுகமாக உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தான். கலியாணசுந்தரம் நலம் விசாரிக்க மறந்து, குனிந்து அந்த வளையத்தையே அமுக்கி அமுக்கிப் பார்த்தான். "டேய், என்னடா பண்றே? வலிக்குதுடா!" என்று பங்காளி கத்தினான்.

வீட்டுக்கு ஓடிவந்து பழைய டியூப்களை மடித்து, கூடாரத் துணியில் பை தைத்து உள்ளே திணித்து, முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகச் செருகிக் கட்டினான். பம்பை எடுத்து அடித்தான். மூச்சு வாங்க வாங்க, வண்டியின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. "எந்திரிக்குது! வேணி, மூத்தாள் எந்திரிக்கிறா, ஓடியா!" என்று அவன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வண்டித் தளத்தில் வைத்து, ஒரு பக்கமும் ஒதுங்காமல் தண்ணீர் நிற்கும்வரை அடித்தான். முற்றத்தில் நின்ற வண்டியிலேயே கமலவேணி ஏறி ஆடிப் பார்த்தாள். குடம் ஆணி அடித்தது போல நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி வந்தார். வண்டி முற்றத்தை விட்டு, சாக்கடைப் பலகையைக் கடந்து ரோட்டில் ஏறியது. கமலவேணி தலையில் கரகத்தோடு ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பின்பக்கமாகத் தள்ளாடினாள். குடம் சரிந்து, தளத்தில் விழுந்து, உருண்டு, கணேசமூர்த்தியின் காலடியிலேயே போய் நின்றது.

"வண்டி சாஞ்சிருக்குங்க!" என்றாள் கமலவேணி.

"அதானே பார்த்தேன்!" என்றார் கணேசமூர்த்தி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பாவி மனுஷன், எந்தப் பழமொழியை எங்கே எடுத்து விடுகிறார் பாருங்கள். கமலவேணி வண்டியிலேயே உட்கார்ந்து சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். அதைக் கண்டதும் கலியாணசுந்தரம் கணேசமூர்த்தியின் முன்னால் போய் நின்றான். "தண்ணி வச்சுப் பார்த்தேண்ணே! சத்தியமா நேரா இருந்துச்சு!" என்று கெஞ்சினான். அவர் குடையை விரித்துவிட்டார்.

அப்போது முற்றத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவர்கள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் நல்லையா. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் சிட்டி சமூகத்தவர், நெற்றியில் திருநீறு துலங்கும், வாயில் வருவதெல்லாம் மலாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "செங்கெட்! செங்கெட் லா, சுந்தரம்!" என்றார். கோணல் என்று அர்த்தம். சாய்ந்திருப்பது வண்டியல்ல, முற்றம். மழைத்தண்ணீர் தேங்காமல் சாக்கடைக்கு ஓடட்டும் என்று ரோட்டுப் பக்கம் தாழ்த்திப் போட்ட மண் அது. அங்கே குடியிருப்பவர்கள் பெஞ்சுக்கு ஒரு பக்கம் செங்கல், கோழிக்கூண்டுக்கு ஒரு பக்கம் கட்டை, அம்மிக்கு ஒரு பக்கம் கல் என்று முட்டுக் கொடுத்துக் கொடுத்து, சாய்வையே மறந்துபோயிருந்தார்கள். ரோட்டைப் பார்த்து நின்ற பிக்கப்புக்கும் கலியாணசுந்தரம் அப்படியே முட்டுக் கொடுத்திருக்கிறான், காற்றால்! சமதரைக்கு வந்ததும் மூக்கு வானத்தைப் பார்க்காமல் என்ன செய்யும்?

"அட, என் மடத்தனமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாய்ந்தான். "வேணி, குடத்தை எடு! ஏறி நில்லு! சரியாயிட்டா சொல்லு!"

நசுங்கிய குடத்தை அவள் மறுபடி தலையில் ஏற்றினாள். அவன் டியூப் வால்வுகளை மாற்றி மாற்றி அழுத்தினான். புஸ்ஸென்று காற்று இறங்கியது. "இன்னும்... இன்னும் கொஞ்சம்... உங்க பக்கம் போதும், அந்தப் பக்கம்... நிறுத்துங்க!" டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. குடம் அசையவில்லை. கணேசமூர்த்தி குடையை மடக்கினார். "யானை வேணாம்மா," என்றார். நல்லையா கைதட்டினார்.

மெர்டேக்கா நாளும் விடிந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! கொடியும் தோரணமுமாக மலாக்காவே ரோட்டில் நின்றது. முன்னால் நையாண்டி மேளம்; பின்னால் பிக்கப்; அதன்மேல் மஞ்சள் சேலையில் கமலவேணி. கலியாணசுந்தரம் ஸ்டியரிங்கைப் பச்சைப்பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். திரும்பிப் பார்க்க முடியாது. தலைக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியே வரும் சலங்கைச் சத்தம்தான் அவனுக்கு எல்லாமே.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் வளைந்தபோது டுமீலென்று ஒரு சத்தம். கூட்டம் பட்டாசு என்று நினைத்து ஆரவாரம் செய்தது. அவனுக்குத் தெரியும், அது இடது பக்கத்து டியூப். ஸ்டியரிங் கையை வெட்டி இழுத்தது. வண்டியின் இடது மூக்கு தொப்பென்று இறங்கியது. டயர் மட்கார்டில் உரசிக் கதறியது. சலங்கை நின்றது.

"முருகா!" என்றான். பிரேக் போட்டால் அந்தக் குலுக்கலிலேயே குடம் விழும். போடாவிட்டாலும் விழும். குடம் உருளும் சத்தத்துக்காக அவன் உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தது. ஊரறிய அவளைத் தள்ளிவிட்டோமே என்று கண் இருட்டியது.

சலங்கை மறுபடி ஒலித்தது. ஒரு சிணுங்கல், இன்னொன்று, பிறகு மழை பிடித்துக்கொண்டாற்போல. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்கள். பிள்ளையார் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முன்னாலும் நின்றவர்கள் ஒன்றாக விசிலடித்தார்கள். கேபின் கூரையில் படபடவென்று ஒரு கை தட்டியது. "ஓட்டுங்க, ஏன் ஊர்றீங்க?"

ஊர்வலம் பாடாங் திடலில் முடிந்தபோது கலியாணசுந்தரம் இறங்கி ஓடினான். வேர்வையில் குளித்து நின்ற கமலவேணியின் தலையில் குடம் அப்படியே இருந்தது. அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"டியூப் போயிடுச்சு, வேணி. உன்னை விழத் தள்ளிட்டேன்னு நினைச்சேன்."

"தெரியுமே," என்றாள் அவள், மூச்சிரைக்க. "அதுவரைக்கும் தொட்டில்ல நின்ன மாதிரி தூக்கமா வந்துச்சு. அது வெடிச்ச பிறகுதாங்க ஆடுறதுக்கே ஒரு ருசி வந்துச்சு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாற்று டியூப்பையும் பம்பையும் தேடி வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தான். அவள் குனியாமலே காலை நீட்டி அதை மூடினாள்.

"அதைத் தொடாதீங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி கோணலாவே இருக்கட்டும். நான் இன்னும் ஆடணும்."

கலியாணசுந்தரம் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.