கறுப்புப் பூக் காகிதம்

ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நனைந்த கையைத் துடைக்காமல் அரிவாள்மனையைத் தொட்டால் விரல்நுனி கறுத்துப்போகும். சாம்பல் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் மூன்று நாளைக்கு அந்தக் கறுப்பு போகாது, அந்த விரலால் சோறு பிசைந்தால் சோற்றிலும் ஒரு துவர்ப்பு ஏறும். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை என் வலது கை அப்படியேதான் இருந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த டீச்சரம்மா, நான் மைக்கூட்டில் கைவிட்டு விளையாடுகிறேன் என்று நினைத்து முதல் வாரமே என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார். ஆம்பூர்க்காரர் யாராவது என்றால் அப்படிச் செய்திருக்கமாட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது "ஷாப்பு"க்குப் போனார்கள். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு ஷாப்பில் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: இரும்பு எதுவும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. சாவி, காப்பு, ஆணி வைத்த செருப்பு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். பட்டைத் தண்ணீரில் ஊறின தோலை இரும்பு தொட்டுவிட்டால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அப்புறம் அந்தத் தோலை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு முறை புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன் மடியில் செருகியிருந்த சாவியை மறந்துபோய் இறங்கி, அது தொட்டிக்குள் நழுவி, இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. கறை பட்ட துண்டை அறுத்து நைனா வீட்டுக்குக் கொண்டுவந்தார், செருப்புக்கு ஆகுமே என்று.

"பாழாப்போச்சு பாரு. எப்பேர்ப்பட்ட ஆட்டுத்தோலு!" என்று அம்மாவிடம் காட்டிப் புலம்பினார். எட்டிப் பார்த்த எனக்கு மட்டும் அது பாழாகத் தெரியவில்லை. சாவி கிடந்த இடம் நல்ல கறுப்பு. அதைச் சுற்றி ஊதா, அதையும் சுற்றி மெல்லிய சாம்பல் நிறத்தில் இதழ் இதழாக விரிந்திருந்தது.

"இன்னா நைனா, பூ மாதிரி இருக்குது!"

"பூவாம் பூ! வா, மொதலாளிகிட்ட வந்து சொல்லு," என்றார் நைனா. அவர் சிரிக்கவில்லை.

தோலில் பூத்தது காகிதத்தில் பூக்காதா என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பட்டையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளை அதில் நனைத்து, துருப்பிடித்த ஆணியை அதன்மேல் வைத்துக் காத்திருந்தேன். வந்தது பூவல்ல, எலிப்புழுக்கை. நான் விடவில்லை. இரண்டு வாரம் நான் படுத்திய பாட்டைப் பார்த்த நைனா, தோல் வாருக்குக் கறுப்பேற்ற ஷாப்பில் வைத்திருந்த அன்னபேதி என்ற இரும்பு உப்பில் ஒரு சிட்டிகை கொண்டுவந்து கொடுத்தார். அன்னபேதியைக் கரைத்து, வேப்பங்குச்சி நுனியால் ஈரத்தாளில் ஒரு சொட்டு வைத்துத் தாளை லேசாகச் சாய்த்தேன். என் கண் முன்னாலேயே ஒரு கறுப்புப் பூ விரிந்தது. நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

என் அக்கா ரெபேக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு அதுவரை கிடைத்த எல்லாமே அவள் விட்டது: அவள் பாவாடை, அவள் பலகை, அவள் ஜெபப் புத்தகம், ஞானஸ்நானத்துக்கு நான் போட்ட கவுன்கூட அவளுடையதுதான். எனக்கென்று முதன்முதலில் வந்தது இந்தப் பூ ஒன்றுதான். அதைத் தொழிலாக்கலாம் என்று சொன்னவள் அக்கா. அவள் கை சுத்தம்; தாளை வெட்டுவதும் மடிப்பதும் கவர் ஒட்டுவதும் அவள் வேலை. ஷாப்பில் கழித்துப்போடும் தோல் விளிம்புகளை மெல்லிய வாராகச் சீவி, சின்னச் சின்ன நோட்டுகளைத் தைத்து முதுகு கட்டுவாள். பூப் போடுவது மட்டும் என் வேலை. எப்படிச் செய்கிறோம் என்று வெளியே யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று நாங்கள் நான்கு பேரும் வேதாகமத்தின் மேல் கை வைத்தோம். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பிடிவாதத்துக்கு நைனாவும் அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் கை வைத்தார்கள். நான் சிரிக்கவில்லை.

காகிதம் நன்றாகவே போயிற்று. பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாங்கினார்கள்; தோல் வியாபாரிகளின் வீட்டம்மாக்கள் அவர்களைவிட அதிகமாக வாங்கினார்கள். மேல்விஷாரத்திலிருந்து வந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட கதீஜா பீ என்ற அம்மாள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர். "இந்தத் தாள்ல எழுதினா மெட்ராஸ்ல இருக்கறவரு ஒடனே பதில் போட்டுடறாரு கிருபே. வெள்ளைத் தாள்னா அவருக்கு வேலை ஜாஸ்தியாயிடுது," என்பார். ஒரே மாதிரிப் பூவை இரண்டாம் முறை கொண்டுபோனால் முகத்தைச் சுளிப்பார். அதனால் புதிய வடிவம் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. வற்றிய பாலாற்றில் மாடு குடித்துவிட்டுப் போன ஊற்றின் விளிம்பு, புழுதி படிந்த ரயில் ஜன்னலில் மழைத்துளி இறங்கிய வழி, கோழிக்கால் சேறு, அம்மா தோசைக்கல்லில் தெளிக்கும் தண்ணீர் சிதறும் விதம் என்று எதையும் சும்மா பார்க்க முடியாத ஒரு நோய் எனக்கு வந்துவிட்டது. பிரசங்கத்தின்போது போதகரின் வழுக்கையில் வியர்வை அரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்து அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன். அந்த வாரம் போட்ட பூதான் கதீஜா பீக்கு ரொம்பப் பிடித்தது.

இதற்கு நடுவே ஒரு பிசகு வந்தது. முதல் கோடையில் செய்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளில், பூ இருந்த இடமெல்லாம் அப்பளம்போல மொறுமொறுத்து, தொட்டால் உதிர ஆரம்பித்தது. அன்னபேதி காகிதத்தைத் தின்கிறது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு வாளியில் தவறி விழுந்த ஒரு பழைய தாள் மட்டும், கறுப்பு கொஞ்சம் பழுப்பேறியிருந்தாலும், உதிராமல் அப்படியே இருந்தது. அன்றுமுதல் பூ காய்ந்ததும் எல்லாத் தாளையும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்பேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால், யாரும் பார்க்காதபோது. அக்காவிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் காரணம் கிடையாது. கடைசி முறுக்கை மடியில் ஒளித்து வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு என்ன காரணமோ அதுதான்.

எனக்குப் பதின்மூன்று நடக்கும்போது அக்காவுக்கு வேலூரில் அச்சாபீஸ் வைத்திருந்த குடும்பத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்ல இடம், எங்கள் நிலைமைக்கு மிஞ்சிய இடம். கோயிலில் நான்தான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் போன பிறகு வெட்டுவது, மடிப்பது, தைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. என் நோட்டுகளின் முதுகு கோணிக்கொண்டு நின்றது. கல்யாணமாகி நான்கு மாதம் இருக்கும், கதீஜா பீ வீட்டுக்குக் காகிதம் கொண்டுபோனேன். அவர் உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இன்னா கிருபே, உங்க காகிதம் இப்ப வேலூர் கடையிலயே கெடைக்குது. வெலையும் கம்மி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நான் அதைப் பார்த்தேன். பக்கம் நிறையக் கறுப்புப் பூக்கள். அவசரத்தில் சொட்டியவை, கனத்த சொட்டுகள், ஆனால் என் பூக்கள்தான். சாய்க்கும் விதம்கூட என்னுடையதுதான். கட்டைச் சுற்றி ஒட்டியிருந்த காகித நாடாவில் அக்கா வாழ்க்கைப்பட்ட அச்சாபீஸின் பெயர் இருந்தது. அந்தம்மாள் கொடுத்த சர்பத்தை நான் குடிக்கவில்லை. வீடு வரும்வரை அழவும் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தாள். புதுப் புடவையில் உள்ளே நுழைந்தவளை நடுக்கூடத்திலேயே நிறுத்தி, "நீதானே சொன்னே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நைனாவையும் அம்மாவையும் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இன்னாத்த சொல்றது கிருபே," என்றாள். அவ்வளவுதான். ஒத்துக்கொண்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

"உடும்மா, குடும்பத்துக்குள்ளாறதானே போச்சு. வேத்தாளா வந்து தூக்கினு போய்ட்டான்?" என்றார் நைனா. அம்மா பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேதாகமத்தின் மேல் கை வைத்தவர்கள் இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேற்றாள் திருடியிருந்தால் நான் மறந்திருப்பேன். என் அக்காவே விற்றுவிட்டாள் என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அன்று முதல் அவளோடு நான் பேச்சை நிறுத்தினேன்.

பொங்கல் கழிந்து அவளிடமிருந்து என் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. கவரின் மூலையிலேயே அந்த அச்சாபீஸ் பூ. என் பூவிலேயே எனக்கு எழுதுகிறாளா என்று பிரிக்காமல் தகரப்பெட்டியின் அடியில் போட்டேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலூர்த் தாளெல்லாம் ஓட்டை விழ ஆரம்பித்தது. அவர்களுக்குச் சுண்ணாம்பு தெரியாதே. நைனா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அங்க தாளு பொத்துப்பொத்துப் போவுதாமே. உன்னுது மட்டும் எப்டிம்மா நிக்குது?" என்று கேட்டார். "எனக்கின்னா தெரியும்?" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன், இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன். ஆனால் ஓட்டையைப் பார்த்தவர்களுக்கு வேலூர்ப் பூவும் ஒன்றுதான் ஆம்பூர்ப் பூவும் ஒன்றுதான். "பேஜாரு புடிச்ச தாளும்மா, எங்க கணக்குப் பிள்ளை வெள்ளைத் தாளே போதும்னுட்டாரு," என்று கதீஜா பீ வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அச்சாபீஸ் நிறுத்திய அதே கோடையில் நானும் நிறுத்த வேண்டியதாயிற்று. என் விரல் மெல்ல வெளுத்தது.

அக்காவும் நானும் அதன் பிறகு கல்யாணங்களிலும் சாவுகளிலும் பார்த்துக்கொண்டோம். "வந்தியா", "சாப்ட்டியா" என்பதோடு சரி. நைனா முன்னாலேயே போய்விட்டார். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் இன்னாடி கோவம்? அதான் அன்னிக்கே எல்லாத்தையும் எழுதிட்டேனே," என்றாள். பிரிக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா, படிச்சேன்," என்றேன். அவள் முகம் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. படித்த பிறகும் இவள் மனம் இளகவில்லையே என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அன்றே பிரித்திருக்கலாம். நான் பிரிக்கவில்லை; என் குணம் அப்படி.

போன மாசியில் அக்கா போய்விட்டாள். பதினாறாம் நாள் பிரார்த்தனை முடிந்து வந்து தகரப்பெட்டியைத் திறந்தேன். ஏறக்குறைய நாற்பது வருஷம் அடியில் கிடந்த கவரைக் கத்தியால் மெல்லக் கீறியபோது உள்ளேயிருந்து முதலில் கொட்டியது கறுப்புத் தூள். தாளில் பூ இருந்த இடமெல்லாம் ஓட்டை. மிஞ்சிய எழுத்தை ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். அக்காவின் எழுத்து அழகான எழுத்து.

"அன்புள்ள கிருபைக்கு, நீ முகம் கொடுக்காததால் எழுதுகிறேன். நம் காகிதத்தின் செய்முறையைச் சொன்னது நான் அல்ல. பெண் பார்க்க வந்த அன்று நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அந்த வீட்டார் சீர்வரிசையாக அதையே கேட்டார்கள். அப்போது" என்பது வரை இருந்தது. அதற்கப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், "எனக்கு நல்லது நினைத்துச் செய்தது, கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸ் அன்று நைனா, அம்மா முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை," என்றிருந்தது.

சொன்னது நைனாவா, அம்மாவா என்று இனி யாரைப் போய்க் கேட்பது? அன்னபேதியைக் கொண்டுவந்து கொடுத்த கையா, கரண்டியோடு ஓடிவந்து முதல் பூவைப் பார்த்த கண்ணா? இரண்டு பேரையும் நான் கடைசிவரை உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறேன். பெற்றவர்களில் ஒருவர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அந்தப் பழியை அக்காமேல் விட்டுவிட்டு, நான் அவளோடு பேசாமலிருந்ததை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். ஓட்டை விழுந்த இடத்தில்தான் அந்தப் பேரை அக்கா எழுதியிருந்தாள். ஒரு முறை சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கியிருந்தால் அந்தப் பேர் இன்றைக்கும் இருக்கும். முக்க வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் சொல்லவில்லை.

நைனா வேலை பார்த்த ஷாப்பு இருந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அந்தப் பெட்டியிலேயே, கடைசியாக நான் செய்து விற்காமல் போன காகிதம் ஒரு கட்டு இருக்கிறது. எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பூகூட உதிரவில்லை. ஒரு தாளிலும் யாரும் ஒரு வரி எழுதவில்லை.